மேஷோமஷாயின் காருக்கு ஜீப் கியர்

கல்கத்தாவுக்கு வந்த புதிதில் நானும் என் மனைவி ஜெயாவும் பல நாள் சர்க்கரை இல்லாமல் காப்பி குடித்தோம். வைத்தியர் சொல்லி அல்ல. பெஹாலாவில் எங்கள் தெருமுனை மளிகைக் கடைக்குப் போய், எனக்குத் தெரிந்த நாலு வங்காளச் சொற்களில் ஒன்றை எடுத்துவிட்டு "ச்சினி?" என்று கேட்பேன். கடைக்காரர் முகமெல்லாம் சிரிப்பாக "ஆச்சே!" என்பார். அடடா, தீர்ந்து போயாச்சா என்று நான் அடுத்த கடைக்கு நடப்பேன். அங்கேயும் "ஆச்சே!" தான். சரக்குத் தீர்ந்து போனதை இவ்வளவு சந்தோஷமாகச் சொல்கிற வியாபாரிகளை நான் அதுவரை பார்த்ததில்லை. கல்கத்தாவில் கடும் சர்க்கரைப் பஞ்சம் என்று மாயவரத்துக்கு எழுதிப் போட்டேன். மாமனார் பதறிப்போய் ஒரு டின் சர்க்கரையை ரயில் பார்சலில் அனுப்பினார். எறும்புகளோடு வந்து சேர்ந்த அந்த டின்னைப் பார்த்துவிட்டு எங்கள் வீட்டுக்கார அம்மாள்தான் விஷயத்தை உடைத்தாள். வங்காளத்தில் 'ஆச்சே' என்றால் இருக்கிறது என்று பொருளாம்.

ஊரில் இருக்கிற உங்களுக்கு இது சிரிப்பாக இருக்கும். இங்கே வந்து பாருங்கள், தெரியும். 'இருக்கிறது' என்பதற்கு 'ஆச்சே' என்கிற இந்த ஜனங்கள், 'சரி' என்பதற்கு 'ஆச்சா' என்பார்கள். நாமோ வேலை முடிந்ததா என்று கேட்க 'ஆச்சா?' என்கிறவர்கள். கிடர்பூரில் நான் வேலை பார்த்த கப்பல் ஏஜென்சியில் பழக்க தோஷத்தில் டைப்பிஸ்டைப் பார்த்து "ஆச்சா?" என்று கேட்டுவிடுவேன். அவரும் தலையை ஆட்டி "ஆச்சா" என்பார். முடிந்தது என்று நான் நினைத்துக்கொள்வேன். ஏதோ உத்தரவை ஒப்புக்கொண்டோம் என்று அவர் நினைத்துக்கொள்வார். கப்பல் மட்டும் காகிதம் வராமல் நின்றுகொண்டிருக்கும். இந்த இரண்டு சொற்களும் சேர்ந்து ஒரு பெண்ணின் கல்யாணத்தையே கவிழ்க்கப் பார்த்த கதையைத்தான் இப்போது சொல்லப் போகிறேன்.

எங்கள் வீட்டுக்காரரை நாங்கள் மேஷோமஷாய் என்று கூப்பிடுவோம், அவர் மனைவியை மாஷிமா என்று. சித்தப்பா, சித்தி என்கிற மாதிரி. மேஷோமஷாய் குள்ளமாக, உருண்டையாக இருப்பார். கார்த்திகை பிறந்துவிட்டால் காதை மூடிக் கழுத்தில் முடிகிற கம்பளிக் குல்லாய்க்குள் போய்விடுவார். பங்குனியில்தான் மறுபடி அவர் காதைப் பார்க்கலாம். ரமணன் என்ற என் பெயரை 'ரொமொன்' என்று சுருக்கி, வாயில் ரசகுல்லாவை வைத்துக்கொண்டு சொல்வது போலச் சொல்வார். சணல் ஆலை ஆபீசில் வெகுகாலம் இருந்தவர். ஆலையை விட்டுச் சீமைக்குத் திரும்பிப் போன ஒரு துரை, தன் சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரை இவரிடம் விட்டுவிட்டுப் போயிருந்தார். இரண்டே இருக்கை. மேலே கூரை கிடையாது. மழைக்கு இழுத்து மூடும் துணி எப்போதோ கந்தலாகி, பின்னால் மடித்துக் கிடந்தது. எங்கள் இரண்டு குடும்பத்தையும் சேர்த்தால் அந்த வீட்டில் மரியாதை அதிகம் அந்தக் காருக்குத்தான்.

அந்தக் காரின் இன்ஜின் ஒருநாள் மண்டையைப் போட்டபோது மேஷோமஷாய் ஒரு டாக்ஸி இன்ஜினை வாங்கி வைத்துவிட்டார். அதிலிருந்துதான் சனியன் பிடித்தது. டாக்ஸி இன்ஜின் கொடுத்த இழுப்பைத் துரை காலத்துக் கியர் பெட்டி தாங்கவில்லை. ஒவ்வொரு பல்லாக உதிர்ந்தது. இரண்டாவது கியர் போட்டால் அது தானாகத் துள்ளி வெளியே வந்துவிடும். அதற்கு மேஷோமஷாய் ஒரு வழி கண்டுபிடித்திருந்தார். குடையின் வளைந்த கைப்பிடியைக் கியர் தடியில் மாட்டி, குடையின் மறுமுனையைப் பக்கத்தில் இருப்பவர் தொடைக்கு அடியில் செருகிவிடுவார். உட்கார்ந்திருப்பவர் அசையாமல் இருக்கிற வரையில் கார் இரண்டாவது கியரில் போகும். தும்மினால் போச்சு. சமதரையில் இது நடந்தது. ஆனால் பெஹாலாவுக்குள் வர வேண்டுமானால் ரயில் பாதைக்கு மேலே ஒரு பாலம் ஏறி இறங்க வேண்டும். அந்த ஏற்றத்தில் குடை, தொடை எதுவும் பலிக்கவில்லை. ஏறுகிறபோதெல்லாம் யாராவது இறங்கித் தள்ளினோம்.

இந்த நிலையில்தான் அவர் மகள் மிட்டுவுக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளை கரியாஹாட்டில் இருப்பவர், கல்லூரியில் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறவர். இங்கே கல்யாணம் நம்மைப் போல விடியற்காலையில் அல்ல, பொழுது சாய்ந்துதான். மாப்பிள்ளையை அழைத்துவரப் பெண் வீட்டார் பூ ஜோடித்த காரை அனுப்ப வேண்டும். மிட்டு சின்னப் பெண்ணாக இருந்த நாளிலேயே மேஷோமஷாய் அவளிடம் சொல்லிவிட்டார், உன் மாப்பிள்ளையை நான் இந்தக் காரில், நானே ஓட்டிக் கூட்டிவருவேன் என்று. நிச்சயதார்த்தத்தன்று அதையே சம்பந்தி வீட்டாரிடமும் மார்தட்டிச் சொல்லிவிட்டு வந்தார். முகூர்த்தம் அந்திப்பொழுதில். அது தவறினால் அடுத்தது நடுநிசிக்கு மேல். சம்பந்தி வீட்டில் பெரியவர்கள் கறாரான ஆட்கள். பாலத்தில் கார் நின்றால் முகூர்த்தமும் நிற்கும், மேஷோமஷாயின் மானமும் போகும் என்று வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. மாஷிமா அழுதாள், கத்தினாள், பட்டினி கிடந்தாள். மனிதர் அசையவில்லை. கடைசியில் மிட்டுவே என்னைத் தேடி மாடிப்படியில் வந்து நின்றாள்.

"ரொமொன்தா, உங்களுக்குக் கிடர்பூரில் ஆட்களைத் தெரியுமே. ஒன்று இந்தக் காரைச் சரி பண்ணுங்கள், இல்லையென்றால் கல்யாணத்துக்கு முன்னாலேயே நன்றாக உடைத்துவிடுங்கள். பாதியில் நின்றால் பாபா அப்புறம் அவர்கள் முன்னால் தலை நிமிரமாட்டார்" என்றாள். இங்கே 'தா' என்றால் அண்ணா. சிரித்துக்கொண்டேதான் சொன்னாள், ஆனால் கண் கலங்கியிருந்தது. எனக்கு ஐயோ என்றிருந்தது. வேலியில் போகிற ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொள்கிறோம் என்று தெரிந்தும் தலையை ஆட்டிவிட்டேன்.

கிடர்பூரில் எனக்குத் தெரிந்த ஆள் மாணிக்கம். தூத்துக்குடிக்காரர், துறைமுகத்தில் பளுதூக்கி எந்திரங்களைப் பழுது பார்க்கிறவர். ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக்கு வந்து, ஜெயா வார்த்த தோசைகளை முதலில் பழுது பார்த்துவிட்டு, காருக்கு அடியில் படுத்தார். பழைய கியர் பெட்டியைத் திறந்து கையை விட்டுத் துழாவினார்.

"அண்ணாச்சி, இதுல பல்லே இல்ல. வெறும் ஈறுதான் இருக்கு" என்றார்.

"மாத்தலாமா?"

"இதே மாதிரி பொட்டிக்கு எங்க போறது? காயலாங்கடையில பட்டாளத்து ஜீப்போட பொட்டி ஒண்ணு கெடக்கு. மூணே கியருதான். ஆனா யானையக் கட்டி இழுத்தாலும் ஒரு பல்லு போவாது. அதத் தூக்கி வச்சிருவோம்."

தூக்கி வைத்துவிடுவோம் என்று அவர் சுலபமாகச் சொல்லிவிட்டார். அந்தப் பெட்டி வந்து இறங்கியபோது இரண்டு ஆள் சுமையாக இருந்தது. காருக்குள் அதற்கு இடமில்லை. இரண்டு இருக்கைக்கும் நடுவே இருந்த தகரக் கூட்டை மாணிக்கம் அறுத்தார். மேஷோமஷாய் தன்னையே அறுப்பது போலக் கண்ணை மூடிக்கொண்டார். இன்ஜினில் இருந்த போல்ட் துளைகளும் பெட்டியில் இருந்த துளைகளும் ஒன்றுக்கொன்று முகம் கொடுக்கவில்லை. உடைக்கப் போட்ட கப்பலின் தகடு ஒன்றைக் கொண்டுவந்து, ஒரு பக்கம் இன்ஜினுக்கும் மறுபக்கம் பெட்டிக்கும் பொருந்துமாறு துளை போட்டு நடுவில் வைத்தார். பின்சக்கரத்துக்குப் போகும் தண்டை வெட்டிச் சுருக்கி, மறுபடி பற்றவைத்தார். கிளட்சுத் தட்டைக்கூட ஜீப் பெட்டிக்குத் தக்கபடி மாற்றினார். எல்லாம் பொருந்தியது. ஒன்றே ஒன்றுதான் குறை. துளைகளைச் சேர்ப்பதற்காகப் பெட்டியைக் கொஞ்சம் சாய்த்து வைத்ததில் கியர் தடி ஓட்டுபவர் பக்கம் வராமல், பக்கத்து இருக்கைக்காரரின் இரண்டு முழங்காலுக்கும் நடுவே முளைத்திருந்தது.

மேஷோமஷாய் எட்டிப் பார்த்தார். அவருடைய கை குட்டை, தொப்பை பெரிது. எட்டவில்லை. தடியை நெருப்பில் காட்டி வளைக்கலாமே என்றேன். வளைத்தால் ரிவர்ஸ் விழாது என்றார் மாணிக்கம். கல்யாணமோ நெருங்கிவிட்டது. ஆகவே காலால் கிளட்சை மிதிப்பது மேஷோமஷாய், கையால் கியர் போடுவது நான் என்று முடிவாயிற்று. நான் காரோட்டக் கற்றவன் இல்லை. மாயவரத்தில் அப்பாவின் சைக்கிள்தான் நான் ஓட்டிய பெரிய வண்டி. அவருக்குத் தமிழ் தெரியாது. என் வங்காளம் எப்படிப்பட்டது என்பதை அந்தச் சர்க்கரை டின் சொல்லும்.

வெள்ளோட்டத்தை முற்றத்திலேயே வைத்துக்கொண்டோம். நல்ல பனிக்கால வெயில். காருக்குப் பின்னால் மாஷிமா வெள்ளைப் புடவையை விரித்து 'பொரி' காயவைத்திருந்தாள். பொரி என்றால் நம் அரிசிப் பொரி அல்ல. பருப்பை அரைத்துக் கிள்ளி வைக்கிற வடகம். பக்கத்திலேயே ஜெயா ஜவ்வரிசி வடகம் பிழிந்திருந்தாள். மேஷோமஷாய் கிளட்சை மிதித்துக்கொண்டு, தடியை மேலே தள்ளு என்று கண்ணால் காட்டினார். துரை காலத்துப் பெட்டியில் முதல் கியர் மேலேதான். ஜீப்பில் அந்த இடத்தில் ரிவர்ஸ். மாணிக்கம் இதைச் சொல்லத்தான் செய்தார், கேட்டவர் யார்? நான் தள்ளினேன். மாணிக்கம் காருக்கு முன்னால் குனிந்து எண்ணெய் ஒழுகுகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார். பார்த்து முடிந்ததா என்று கேட்பதற்காக அவரை நோக்கி, "ஆச்சா?" என்றேன்.

'சரி' என்று நான் சொன்னதாக எடுத்துக்கொண்டு மேஷோமஷாய் கிளட்சை விட்டுவிட்டார்.

கார் பின்னால் பாய்ந்தது. முதலில் பொரி, அடுத்து ஜவ்வரிசி வடகம், அதற்கும் அடுத்து துளசி மாடத்தின் ஒரு மூலை. நான் அலறினேன். என்ன அலறினேன் என்கிறீர்கள்? "ஆச்சு, ஆச்சு, போதும்!" என்றுதான். அதுவும் அவர் காதில் 'சரி, சரி' என்றே விழுந்திருக்க வேண்டும். ஆக்ஸிலேட்டரை இன்னும் கொஞ்சம் மிதித்தார். சுவர்தான் எங்களை நிறுத்தியது. மாஷிமா வெளியே வந்து பார்த்தாள். சக்கரத்தில் பருப்பும் ஜவ்வரிசியும் அப்பியிருந்தன. ஜெயா என்னை ஒரு பார்வை பார்த்து, "ஒரு ஆள் ஓட்டுற வண்டிய ரெண்டு பேர் ஓட்டுனா இப்படித்தாங்க" என்றாள். மாணிக்கம் மட்டும் குனிந்து பெட்டியைத் தட்டிப் பார்த்துவிட்டு, "சொன்னேம்லா அண்ணாச்சி? செவுத்துல மோதியும் ஒரு பல்லு போவல" என்று பெருமைப்பட்டுக்கொண்டார்.

அன்றே மாஷிமா சட்டம் போட்டாள். அந்தக் காருக்குள் நான் 'ஆச்சா' என்ற சொல்லை உச்சரிக்கக் கூடாது. கிளட்சை மிதித்ததும் மேஷோமஷாய் "ஆச்சே" என்பார், கிளட்சு மிதிபட்டு இருக்கிறது என்று அர்த்தம். என் காதுக்கு அது நம் ஊர் 'ஆச்சே', அதாவது மிதித்தாகிவிட்டது என்று கேட்கும். எப்படிக் கேட்டாலும் சரிதான். நான் தடியைத் தள்ளிவிட்டு "ஆச்சு" என்பேன். அவர் காலை எடுப்பார். இதை வீட்டு வாசலிலேயே பல தடவை ஒத்திகை பார்த்தோம். கோவில் மேளக்காரர்கள் போல எங்களுக்குள் ஒரு தாளம் வந்துவிட்டது.

அப்புறம்தான் யாருக்கோ உறைத்தது: இருப்பதே இரண்டு இருக்கை, நாங்கள் இருவர் உட்கார்ந்தால் மாப்பிள்ளை எங்கே? மேஷோமஷாய் குல்லாயைக் கழற்றித் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். குளிர்காலத்தில் அவர் குல்லாயைக் கழற்றி நான் பார்த்தது அன்றுதான். எனக்கோ இதில் சிரமமே தெரியவில்லை. என்னுடைய மாப்பிள்ளை அழைப்பு ஞாபகம் வந்தது. மாயவரத்தில் திறந்த காரில், பின்சீட்டின் முதுகு மேலே என்னை ஏற்றி, கழுத்துக் கொள்ளாத மாலை போட்டு, பெட்ரோமாக்ஸ் விளக்கோடு ஊர்வலம் விட்டார்கள். நாதஸ்வரக்காரருக்கு வழிவிட்டு நத்தை வேகத்தில் போனதில் கார் சூடேறி நின்றே போயிற்று, மைத்துனர்கள்தான் தள்ளினார்கள். மாப்பிள்ளை என்றால் உயரத்தில், எல்லோரும் பார்க்கும்படி உட்கார வேண்டியவர்தானே? இதை நான் விளக்கியதும் மேஷோமஷாய்க்கு உயிர் வந்தது. பின்னால் மடித்துக் கிடந்த கூரைத் துணிமேல் மெத்தை போட்டுப் பட்டு விரித்து, மாப்பிள்ளைக்கு ஆசனம் தயாரானது.

கரியாஹாட்டில் மாப்பிள்ளை எங்கள் காரைப் பார்த்ததும் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடியும் பார்த்தார். பாவம், நல்ல மனிதர். ஒல்லியான ஆள். தலையில் இங்கத்து வழக்கப்படி தக்கையில் செய்த கூம்பு வடிவ வெள்ளைக் கிரீடம். மறுப்புச் சொல்லத் தெரியாமல் ஏறி உட்கார்ந்து, வேட்டியை முழங்காலுக்கு நடுவில் சேர்த்துப் பிடித்துக்கொண்டார். "ஆச்சே!" "ஆச்சு!" என்று நாங்கள் கிளம்பினோம். தெருவில் பெண்கள் குலவையிட்டார்கள். டிராம் ஜன்னல்களில் தலைகள் முளைத்தன. மேஷோமஷாய் பூரிப்பில் ஹாரனிலிருந்து கையை எடுக்கவே இல்லை.

பாலத்தின் ஏற்றம் வந்தது. பாதியில், எங்களுக்கு முன்னால், மூட்டை ஏற்றிய கைவண்டி ஒன்று திணறி நின்றது. நாங்களும் நின்றோம். தடியை நடுவில் தள்ளி வைத்தேன். பின்னால் கிடர்பூர் லாரிகள் வரிசை கட்டிக் கத்தின. மேற்கே வெயில் சிவந்துகொண்டு வந்தது. மேஷோமஷாய் பிரேக்கை மிதித்தபடி சட்டென்று விசும்பத் தொடங்கினார். இன்னும் கொஞ்ச நேரத்தில் மிட்டு வேறு வீட்டுப் பெண் என்ற நினைப்பு அவருக்கு அந்தப் பாலத்தில், அந்த ஏற்றத்தில்தானா வர வேண்டும்? அவள் மாடிப்படியில் நின்ற நிற்பு கண்ணுக்குள்ளேயே இருந்தது. கைவண்டி மெதுவாக ஒதுங்கியது. அந்த நேரம் பார்த்து, பின்னால் இருந்த மாப்பிள்ளை பயந்த குரலில் கேட்டார்: "ஷொப் டிக் ஆச்சே தோ?"

எல்லாம் சரியாக இருக்கிறதல்லவா என்றுதான் அவர் கேட்டார். என் காதில் விழுந்தது 'ஆச்சே' மட்டும். கிளட்சு மிதித்தாகிவிட்டது என்று தடியை ஒரே இழுப்பாக முதல் கியருக்கு இழுத்தேன்.

கிளட்சில் யாருடைய காலும் இல்லை. பெட்டிக்குள்ளிருந்து எழுந்த சத்தத்தில் லாரிகளே ஹாரனை நிறுத்தின. பழைய பெட்டியாக இருந்திருந்தால் அத்தனை பல்லையும் பாலத்தில் கொட்டியிருக்கும். இது பட்டாளத்துப் பெட்டி. கடித்துப் பிடித்துக்கொண்டது. திடுக்கிட்டுப்போன மேஷோமஷாய் பிரேக்கிலிருந்து காலை எடுக்க, கார் எருமைபோல முட்டிக்கொண்டு மேலே ஏறியது. மாப்பிள்ளை இரண்டு கையாலும் என் தலைமுடியைப் பற்றிக்கொண்டார். அவர் கிரீடம் பறந்து பின்னால் வந்த லாரியின் கிளீனர் மேல் விழுந்தது. மீசைக்கார கிளீனர் அதைப் பத்திரமாக வைத்துக்கொள்ள வேறு இடம் தெரியாமல் தன் தலையில் மாட்டிக்கொண்டு, படியில் தொற்றியபடி எங்கள் பின்னாலேயே வந்தார்.

பாலம் ஏறி இறங்கிவிட்டோம். அதற்கப்புறம் அந்தத் தடியைத் தொடும் துணிச்சல் எனக்கும் இல்லை, தொடச் சொல்லும் துணிச்சல் அவருக்கும் இல்லை. வீடு வரைக்கும் முதல் கியரிலேயே உறுமிக்கொண்டு ஊர்ந்தோம். தெரு ஜனமெல்லாம் கூடவே நடந்து வந்தது. வாசலில் காத்திருந்த பெண்கள் கிரீடத்தைப் பார்த்துவிட்டு லாரியை நோக்கிச் சங்கு ஊதினார்கள். மாஷிமா கிளீனருக்கே ஆரத்தி எடுக்கப் போய்விட்டாள். மாடி ஜன்னலில் மிட்டு விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தாள். வெளிச்சம் இன்னும் மிச்சமிருந்தது. மேஷோமஷாய் இறங்கி, தடியை விடாமல் பிடித்திருந்த என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டார். அவர் ஒரு வார்த்தை பேசியிருந்தால் நானும் அழுதிருப்பேன்.

கல்யாணம் நல்லபடி முடிந்து முதல் பந்தி உட்கார்ந்தது. இங்கேயும் முதல் மரியாதை மாப்பிள்ளை வீட்டாருக்குத்தான். மாப்பிள்ளையோடு வந்து இறங்கியதால் என்னையும் அவர்களில் ஒருவனாக நினைத்து யாரோ கையைப் பிடித்து வரிசையில் உட்காரவைத்து, இலைக்குத் தண்ணீரும் தெளித்துவிட்டார்கள். எனக்கும் நல்ல பசி. லூச்சி, அதாவது இங்கத்து மைதா பூரி, வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தபோது மேஷோமஷாய் வந்தார். என்னைப் பார்த்ததும் அவருக்கு வந்த கோபம்! "எழுந்திரு ரொமொன்! உனக்கு இங்கே என்ன வேலை? நீ கொரேர் லோக், வீட்டு ஆள். வீட்டு ஆள் முதல் பந்தியில் உட்காருவானா?" என்று எல்லோர் எதிரிலும் அதட்டி எழுப்பி, என் இடுப்பில் ஒரு துண்டைக் கட்டி, கையில் ஒரு வாளியைக் கொடுத்தார். குனிந்து பார்த்தேன். மீன் குழம்பு. பரம்பரை பரம்பரையாகக் கருவாட்டு வாசனைகூடப் படாத சைவக் குடும்பத்துப் பிள்ளை நான்.

போன வருஷம் மாயவரத்தில் என் சொந்தத் தம்பியின் கல்யாணம். பரிமாறலாம் என்று நான் சாம்பார் வாளியைத் தூக்கியதும் பெரியப்பா மகன் ஓடிவந்து அதைப் பிடுங்கிக்கொண்டான். "நீங்க விடுங்கண்ணே. கல்கத்தாவிலேருந்து இவ்வளவு தூரம் வந்திருக்கீங்க. முதல் பந்தியில உக்காருங்க" என்றான். உட்கார்ந்தேன். இனிப்பு முதலாக எல்லாவற்றையும் எனக்கு இரண்டு தடவை கேட்டுக் கேட்டுப் போட்டார்கள். விருந்தாளியைக் கவனிப்பதுபோலக் கவனித்தார்கள். ஏனோ சாப்பாடு இறங்கவில்லை.

மிட்டுவின் கல்யாணத்தன்று பெஹாலாவில் நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு, பெரிய துண்டாகப் பார்த்து மீனை எல்லோர் இலையிலும் போட்டேன். வீட்டு ஆட்களோடு நானும் ஜெயாவும் கடைசிப் பந்தியில் உட்கார்ந்தபோது மிஞ்சியிருந்தது ஆறிப்போன லூச்சியும் கத்தரிக்காய் வறுவலும்தான். வயிறு நிறையச் சாப்பிட்டேன்.